வாழைமர லேபிளும் முப்பத்தொன்றாம் நம்பர் சுத்தியலும்

பிரிவுபசார விருந்தில் கறிபாப் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு வந்து, "அங்கிள், எங்களுக்கு ஏதாவது அட்வைஸ் சொல்லுங்க" என்று கேட்டீர்களே, அந்தத் தவற்றுக்கு இதுதான் தண்டனை. கறிபாப் தீர்ந்ததும் கேட்டதை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. அறுபது வயதாகிவிட்டது என்று கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பூன் லே வீட்டுக் கூடத்தில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பழைய நாற்காலியை எங்கே நகர்த்திப் போடலாம் என்பது போல மனைவி என்னைப் பார்க்கிறாள். ஆகவே எழுதுகிறேன்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். லேபிள் பிரிவாம். "இந்தப் பலகை, நல்லபடியாகப் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வந்தது" என்று உலகத்துக்கு அறிவிக்கும் லேபிள். சட்டம் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லையாம்; கம்பெனிகள் தாமாகவே ஆசைப்பட்டு ஒட்டிக்கொள்கின்றனவாம். உங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, தலையணை அளவுக்கு ஒரு கோப்பு, கழுத்தில் தொங்க உங்கள் படம் போட்ட அட்டை. வாழ்த்துகள்.

அந்த வகை லேபிளை நான் முதன்முதலில் பார்த்த இடம், ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையின் மாடி, என் பழைய கம்பெனியின் ஆபீஸ். அதை உருவாக்க எங்களுக்கு ஆன நேரம், ஒரு கோப்பி ஆறும் நேரம். உருவாக்கிய நிபுணர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். காட்டைப் பற்றி அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அதற்குள் புலி இருக்கும் என்பதுதான்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் மரம் அடுக்கும் யார்டுப் பக்கமே வந்ததில்லை. காலில் போட்ட சப்பாத்தில் மரத்தூள் ஒட்டும் என்ற பயம். நான் கிரேடர். சுங்கை காடுட் யார்டில் அறுத்து வரும் பலகைகளைத் தரம் பிரிப்பவன். இரண்டு ஆட்கள் பலகையைத் தூக்கி என் முன்னால் வைப்பார்கள். முடிச்சு, வெடிப்பு, புழுத்துளை எல்லாம் பார்ப்பேன். பிறகு "பாலிக்!" என்று கத்துவேன். மலாயில் திருப்பு என்று அர்த்தம். திருப்பிப் போடுவார்கள். மறு முகத்தையும் பார்த்துவிட்டு, பலகையின் முனையில் சுத்தியலால் ஓர் அடி. சுத்தியலின் முகத்தில் என் நம்பர் புடைத்திருக்கும்: 31. அந்த நம்பர் மரத்தில் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பலகை எந்தத் துறைமுகத்தில் வளைந்தாலும் பிளந்தாலும் கேள்வி கேட்க வேண்டிய ஆள் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் லைசென்ஸ் மாதிரி அந்தச் சுத்தியலைக் கொடுத்த அரசாங்க அலுவலகம் என்னிடம் ஆயிரம் விதி சொன்னது. ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: இரண்டு முகமும் பார்க்காமல் அடிக்காதே. அதையும் ஒரு தடவை மீறினேன். மழை கறுத்துக்கொண்டு வந்தது, கடைசிக் கட்டு, கப்பல் காத்திருக்கிறது என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். ஒரு முகத்தை மட்டும் பார்த்து டக்டக்கென்று அடித்துத் தள்ளினேன். மறு முகத்தில் இடியாப்ப அச்சு மாதிரி புழுத்துளை. அலுவலகம் மூன்று மாதத்துக்குச் சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டது. அந்த மூன்று மாதமும் பலகை திருப்பும் ஆட்கள் காலையில் என்னைப் பார்த்ததும் கேட்பார்கள்: "என்னண்ணே, இன்னைக்கும் வாயாலேயேதான் அடிக்கப் போறீங்களா?"

சுத்தியல் திரும்பி வந்தபோது கூடவே எனக்கு ஒரு வியாதியும் வந்துவிட்டது. கையில் எது கிடைத்தாலும் திருப்பிப் பார்ப்பேன். தோசையைத் திருப்பிப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் பார்ப்பேன். மகளின் ரிப்போர்ட் புக்கை வாங்கியதும் மார்க்கைப் பார்க்காமல் பின்னட்டையைப் பார்த்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம். சிரிக்காதீர்கள். இந்த வியாதிக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து காற்று மாறி அடித்தது. மழைக்காடுகளை மொட்டையடிக்கிறார்கள் என்று அங்கே இளைஞர்கள் மரக்கடை வாசல்களில் பதாகை பிடித்து நின்றார்கள். சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் பதாகையைக் கண்ட வியாபாரிகளுக்குக் காட்டின்மேல் அக்கறை வரவில்லை, பதாகையின்மேல்தான் வந்தது. எங்களிடம் பலகை வாங்கி ஜன்னல் செய்யும் ஹாலந்துக் கம்பெனி ஒன்று டெலெக்ஸ் அடித்தது. உங்கள் மரம் நல்லபடியாகப் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து வருவதாக ஒரு லேபிள் ஒட்டினால் உதவியாக இருக்கும். கட்டாயமில்லை, உங்கள் விருப்பம்.

அந்தக் கம்பெனிதான் எங்கள் முதலாளிக்குச் சோறு போட்டது. முதலாளி தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், வெள்ளைச் சட்டை, பையில் நான்கு பேனா, நான்கிலும் மை இருக்காது. அவர் கையில் இருந்த காகிதத்தை மாடி அறையில் இருந்த மூன்று பேரும் படித்தோம். மூன்றாவது ஆள் டைப்பிஸ்ட். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பார், மற்ற நாளில் எங்கள் இங்கிலீஷைத் திருத்துவார். அதனால் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. பெயரை எழுதினால் பூன் லே வரைக்கும் பஸ் ஏறி வந்து திட்டுவார் என்பதால் டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

"கட்டாயமா இது?" என்றார் முதலாளி.

"விருப்பம்னு போட்டிருக்கு" என்றேன்.

"அப்ப இன்னைக்கே செஞ்சாகணும். கட்டாயம்னாத்தான் தள்ளிப் போடலாம்."

தம்பி தங்கைகளே, உங்கள் தலையணைக் கோப்பில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை எழுதியவர்களுக்கு வியாபாரம் தெரியாது.

சிராங்கூன் ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றுக்குப் போன் போட்டார் முதலாளி. பச்சை வட்டம், நடுவில் ஒரு மரம், அவசரம். அச்சகக்காரர் தன்னிடம் மரம் ஒன்றுதான் இருக்கிறது என்றார். கல்யாணப் பத்திரிகையின் இரண்டு ஓரத்திலும் குலையோடு நிற்குமே, அந்த வாழைமரம்.

"முதலாளி, வாழை மரமே இல்லையே! அதை அறுத்தா பலகையா வரும், தண்ணிதான் வரும்" என்றேன்.

"யோவ், நீ கட்டையைத்தான் பார்ப்ப, கருத்தைப் பார்க்க மாட்டியா? வாழையை வெட்டினா என்ன ஆகுது? பக்கத்துல கன்னு வருது. அதை வெட்டினா இன்னொண்ணு. காலாகாலத்துக்கும் தீராது. அவன் கேட்கிறதும் அதானே? வெட்டினாலும் தீராத காடு. அவனுக்கு வேண்டியதை ஒரே படத்துல சொல்லிட்டேன் பாரு!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் அசந்துபோய்விட்டேன். இன்றைக்கு நீங்கள் பயிற்சியில் இரண்டு நாள் கேட்டு வந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அந்தக் காட்டைப் பற்றி அது உண்மையா என்பதுதான் பாக்கி. அதைக் கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

படத்துக்குக் கீழே இங்கிலீஷில் வாசகம்: பொறுப்புடன் பராமரிக்கப்படும் காட்டிலிருந்து. பரிசோதிக்கப்பட்டது. அப்புறம் முதலாளி, "கீழே ஏதாவது நம்பர் வேணும்லா. நம்பர் இருந்தாத்தான் வெள்ளைக்காரன் நம்புவான்" என்றார்.

இங்கேதான் உங்கள் அங்கிளின் மூளை வேலை செய்தது. "என் நம்பரையே போடுங்க முதலாளி" என்றேன். யாரும் என்னைக் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. பலகையின் முனையில் மூலையில் கிடக்கும் 31, பச்சை வட்டத்துக்குள் அச்சில் வந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை. அவ்வளவுதான்.

டீச்சர் டைப் அடிப்பதை நிறுத்தினார். "அண்ணே, நீங்க அந்தக் காட்டைப் பார்த்தீங்களா?"

"பலகையைப் பார்த்தேனே."

"எங்க ஃபாதர்கிட்ட ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டுப் பாருங்க. பிள்ளை தலையில தண்ணி ஊத்தாம எழுதித் தர மாட்டார்."

"டீச்சர், காட்டுத் தலையில நான் எங்க போய்த் தண்ணி ஊத்துறது?" என்றேன். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். என் ஜோக்குக்கு நானே சிரித்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதன் மேல் எனக்கு இப்போது நல்ல அபிப்பிராயம் இல்லை.

சில மாதம் வாழைமரம் கப்பல் கப்பலாகப் போனது. பலகைக் கட்டுக்கு ஒரு லேபிள். நான் வீட்டு ஃபிரிட்ஜில்கூட ஒன்று ஒட்டி வைத்திருந்தேன், விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று. பார்த்தவர்களில் ஒருவர்கூட என்ன அது என்று கேட்கவில்லை. லேபிளின் குணமே அதுதான். இருக்கிறதா என்று பார்ப்பார்கள், என்ன சொல்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

பிறகு அடுத்த டெலெக்ஸ் வந்தது. ஹாலந்தில் ஒரு ஊரில் நகராட்சி பள்ளிக்கூடம் கட்டுகிறது. ஜன்னலெல்லாம் எங்கள் மரம். நகராட்சிக்கு லேபிள் மட்டும் போதாதாம். 'பரிசோதகர் 31' காட்டை நேரில் பரிசோதித்ததாகக் கையெழுத்துப் போட்டு, தன் முத்திரையும் பதித்துத் தர வேண்டுமாம். அதை வாங்கிப் போக ஜன்னல் கம்பெனியின் ஆள் அடுத்த வாரம் நேரில் வருகிறாராம்.

டெலெக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் இல்லை.

என் நிலைமை இது. கையெழுத்துப் போட்டால், பார்க்காத ஒன்றுக்கு முத்திரை அடித்தேன் என்று சுத்தியல் கொடுத்த அலுவலகத்துக்கு என்றைக்காவது தெரிய வரும். ஏற்கெனவே ஒரு தடவை மூன்று மாதம் பிடுங்கியவர்கள். இந்தத் தடவை ஒரேயடியாகப் பிடுங்குவார்கள். நாற்பத்தெட்டு வயதில் சுத்தியல் இல்லாத கிரேடரை யார் வேலைக்கு எடுப்பான்? கையெழுத்துப் போடாவிட்டால் முதலாளிக்கு ஹாலந்து போகும், எனக்கு வேலை போகும். இந்தப் பக்கம் சுத்தியல், அந்தப் பக்கம் சோறு.

இந்த இடத்தில் பெரிய மனிதர்கள் தியானம் செய்வார்கள் போலிருக்கிறது. நான் எடுத்த முடிவு, ஒரே வாரத்தில் காட்டு நிபுணன் ஆகிவிடுவது.

முதலில் எங்களுக்கு மரம் அனுப்பும் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "நம்ம மரம் எந்தக் காட்டிலேர்ந்து வருது?"

"ஆத்து வழியா வருது."

"சரி, ஆத்துக்கு முன்னாடி?"

"ஆத்துக்கு முன்னாடி எனக்கு எப்படித் தெரியும் லா? அதுக்கு முன்னாடி அது மரம்!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பொட்டானிக் கார்டனுக்குப் போனேன். மரத்தைப் பற்றிக் கேட்டால் நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா? அங்கேதான் எனக்கு உண்மையான அடி. பதினைந்து வருஷத்துக்கு மேல் கிரேடர். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துண்டை மூக்கருகே நீட்டுங்கள், மெராந்தியா, கெருயிங்கா, காப்பூரா என்று சொல்லிவிடுவேன். அங்கே இலையோடு நிற்கும் ஒரு மரத்தைக்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு ராட்சதனின் அடியில் பெயர்ப்பலகை இருந்தது. குனிந்து படித்தால் காப்பூர். அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததே தவிர உச்சி தெரியவில்லை. இத்தனை வருஷமும் இவனை நான் படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன். எதிரில் ஒரு பள்ளிக்கூடப் பெண் நோட்டில் இலையை வரைந்துகொண்டிருந்தாள். அவளிடம், "எக்ஸ்கியூஸ் மி, மெராந்தி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். தேசம் தேசமாகப் போகும் மெராந்திக்குத் தரம் போடும் அதிகாரி கேட்கிறேன். அவள் பென்சிலால் காட்டினாள்.

மெராந்தியின் விதைக்குச் சிறகு உண்டு என்று அவள்தான் சொன்னாள். அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தேன். பஸ்ஸில் முணுமுணுத்தேன். வீட்டில் சாப்பிடும்போது முணுமுணுத்தேன். "யாருக்குச் சிறகு?" என்றாள் மனைவி. "விதைக்கு" என்றேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

முதலாளி தன் பங்குக்கு சுங்கை ரோடு பழைய சாமான் கடைகளில் அலைந்து எனக்கு ஒரு காக்கித் தொப்பி வாங்கி வந்தார். காட்டிலாகா மனிதன் மாதிரி தெரிய வேண்டுமாம். உள்பக்கம் எந்தப் பட்டாளத்துக்காரனோ மையில் பெயர் எழுதியிருந்தான். எப்படித் தெரியும் என்கிறீர்களா? வாங்கியதும் திருப்பிப் பார்த்தேன்.

வர வேண்டியவர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சமைத்த இறால் நிறம். யார்டுக்குக் கூட்டிப்போனோம். தொப்பியோடு நின்று பத்துப் பலகைக்கு 'பாலிக்' சொல்லி, பார்த்து, அடித்தேன். ஹாலந்துக்காரர் ஐந்து நிமிஷம் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெரி குட், ஆபீஸில் ஏர்கான் இருக்கிறதா?" என்றார்.

ஜாலான் புசார் மாடிக்கு வந்தோம். முதலாளியின் பெரிய ஞாத்தோ மர மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஹாலந்துக்காரர். மூலையில் டீச்சர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். இதோ ஹாலந்துக்காரர் கேட்கப் போகிறார். எந்தக் காடு, எவ்வளவு தூரம், எப்படிப் போனாய்?

அவர் லேபிளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது வாழைமரம்தானே?" என்றார் இங்கிலீஷில்.

நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன். முதலாளி, "சிம்பல், சார். ஒன்லி சிம்பல் லா" என்றார்.

ஹாலந்துக்காரர் சிரித்தார். "கவலைப்படாதீர்கள். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. பச்சையை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், மங்கலாக இருக்கிறது."

அவ்வளவுதான். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "மெராந்தியின் விதைக்குச் சிறகு உண்டு, சார்" என்றேன்.

"அப்படியா, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். 'கீழே கையெழுத்திடும் நான், மேற்படி காட்டை நேரில் பரிசோதித்து...' என்று தொடங்கியது. மேற்படி காடு எது என்ற இடத்தில் புள்ளி வைத்துக் காலியாக விட்டிருந்தார்கள். "பெயரைப் பிறகு டைப் செய்துகொள்ளலாம். எனக்குக் காடு வேண்டியதில்லை, காகிதம் போதும். மூன்று மணிக்கு எனக்கு இன்னொரு இடம் போக வேண்டும்."

ஒரு வாரம் நான் நடுங்கியது பிடிபட்டுவிடுவேனோ என்று. பிடிக்க யாருமே வரவில்லை! ஏழு கடல் தாண்டி வந்தவன் என்னைவிட அதிகமாக அதை நம்ப ஆசைப்படுகிறான். நம்பக்கூட இல்லை, நம்பியதற்கு ரசீது வேண்டும் அவனுக்கு. எனக்கு வந்தது நிம்மதிதான், பொய் சொல்ல மாட்டேன். முதலாளி நீட்டிய பேனாவைச் சந்தோஷமாக வாங்கினேன். படிவத்தை என் பக்கம் இழுத்தேன்.

இழுத்த கை, படிவத்தைத் திருப்பிப் போட்டது.

நான் திருப்பவில்லை. கை திருப்பியது. பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டைப்ரைட்டர் சத்தம் நின்றுவிட்டது மட்டும் தெரிந்தது.

"என்ன தேடுகிறீர்கள்?" என்றார் ஹாலந்துக்காரர்.

"மறுபக்கம், சார்."

"மறுபக்கத்தில் ஒன்றும் இல்லையே."

மூலையிலிருந்து, தலையைத் திருப்பாமலே, டீச்சர் நல்ல இங்கிலீஷில் சொன்னார்: "அதைத்தான் சார் அவரும் பார்க்கிறார்."

"கையெழுத்தைப் போடுப்பா" என்றார் முதலாளி, மெதுவாக. பேனாவைக் காகிதத்தில் வைத்து இழுத்தேன். மை வரவில்லை. முதலாளியின் நான்கு பேனாவைப் பற்றித்தான் முன்பே சொன்னேனே. டீச்சர் எழுந்து வந்து தன் பேனாவை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளைப் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினேன்: இந்தப் பலகைகளின் இரண்டு முகத்தையும் பார்த்தேன். அவை நல்ல பலகைகள். காட்டை நான் பார்க்கவில்லை.

முத்திரை கேட்டார்கள் அல்லவா? இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்தேன். பலகைக்கு அடிக்கிற பலத்திலேயே அடித்துவிட்டேன். அடி காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஞாத்தோ மேஜையில் இறங்கியது.

"யோவ்! என் மேஜை!" என்று அலறினார் முதலாளி.

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். காகிதத்தில் ஓட்டை, மேஜையில் 31. இதுவரை அடித்ததிலேயே இவ்வளவு தெளிவாக அந்த நம்பர் எங்கேயும் விழுந்ததில்லை.

ஹாலந்துக்காரர் காகிதத்தை எடுக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. இந்தியன், வெயில், ஏதோ கிறுக்கு என்று நினைத்திருப்பார். "வேறு யாரிடம் இந்த வகைப் பலகை கிடைக்கும்?" என்று முதலாளியிடமே கேட்டார். முதலாளி விருந்தோம்பலில் குறை வைக்காதவர். பெயரைச் சொன்னார், டாக்ஸிக்கும் போன் போட்டுக் கொடுத்தார். அந்த மூன்று மணி இடம் வேறு ஒரு ஏற்றுமதிக்காரரின் ஆபீஸ்தான் என்று பிறகு தெரிந்தது. அவர்கள் லேபிளில் ஊசியிலை மரமாம், பனிப்பிரதேசத்தில் வளர்வது. காட்டைப் பரிசோதித்ததாகக் கையெழுத்துப் போட்டது அவர்கள் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடம் கட்டியாயிற்று. ஜன்னல்கள் நன்றாகத் திறந்து மூடுகின்றனவாம்.

டாக்ஸி போனதும் முதலாளி என்னைப் பார்த்தார். நான் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன், 31-ஐ மறைக்கிற மாதிரி.

"சுத்தியல் உன்னோடது" என்றார். "வேலை என்னோடது. உன்னோடதை எடுத்துக்கிட்டுப் போ."

போனேன். படியிறங்கும்போது என்னைவிட யோக்கியன் யாருமில்லை என்று ஒரு பெருமிதம் வந்தது. இரும்புச் சாமான் கடையைத் தாண்டுவதற்குள் இறங்கிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, ஓடிப்போய்க் காலில் விழுந்து, எங்கே சார் கையெழுத்து என்று கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. பஸ் வந்துவிட்டதால் ஏறினேன். ஆகவே தைரியம், நேர்மை என்றெல்லாம் என் பெயரைச் சொல்லி யாராவது பயிற்சி வகுப்பில் பேசினால் எழுந்து ஆட்சேபியுங்கள். என் மூளை கையெழுத்துப் போடத் தயாராக இருந்தது. கைக்குத்தான் பழக்கம் இல்லை. உங்கள் மூளையையும் நான் பெரிதாக நம்பவில்லை. உங்கள் கைக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கோப்பு எவ்வளவு தடித்தாலும் சரி, கழுத்தில் உங்கள் படம் தொங்குகிறது என்பதற்காகவே உங்கள் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். காட்டுக்குப் போய்விட்டு வந்தவனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வையுங்கள். அவன் ஆறு என்று ஆரம்பித்தால், ஆற்றுக்கு முன்னால் என்ன என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பேனாவை மூடுங்கள். எழுதாத பேனா என்றால் இன்னும் நல்லது.

மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு உங்கள் கம்பெனியில் கிரேடர் வேண்டும் என்றார்கள். சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து டீச்சர் போன் செய்தார். அவர் கோயிலில் சந்தை விழாவாம், கட்டாயம் குடும்பத்தோடு வர வேண்டுமாம். "கட்டாயமா, விருப்பமா?" என்றேன். "விருப்பம்" என்றார். உடனே கிளம்பினோம்.

கோயில் மைதானத்தில் கூடாரம், ஒலிபெருக்கி, ஒரே கூட்டம். டீச்சரின் மேஜையில் கண்ணாடித் தாளில் சுற்றிய வாழைப்பழ கேக் வரிசையாக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை வட்டம், நடுவில் குலையோடு வாழைமரம், அடியில் 31. பொறுப்பான காட்டைப் பற்றிய வரியை, டைப்ரைட்டர் பிழைக்குப் பூசும் வெள்ளை மையால் பூசி அழித்திருந்தார். 'பரிசோதிக்கப்பட்டது' மட்டும் மிச்சம்.

"லேபிள் பெட்டி பெட்டியா கிடந்துச்சு அண்ணே. முதலாளிகிட்ட கேட்டேன், எடுத்துக்கிட்டு ஒழின்னு சொன்னார்."

"டீச்சர், என் நம்பரை யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரைக் கேட்கணும்? பழம் ஜொகூர்ல எங்க சின்னம்மா தோட்டத்துப் பழம். போன வாரம் நானே போய், மரத்தைப் பார்த்து, குலையைப் பார்த்து, பக்கத்துல கன்னு நிக்குதான்னும் பார்த்துட்டுத்தான் வாங்கினேன். ரெண்டு கன்னு நிக்குது. வேணும்னா பஸ் ஏறிப் போய்ப் பாருங்க."

நான் ஒரு கேக்கை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஓரமாகக் கொஞ்சம் கருகியிருந்தது.

"செகண்ட் கிரேடு" என்றேன்.

"வைங்க கீழே! பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் டீச்சர்.

வைக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். என் நம்பர் போட்ட சரக்கில், எங்கே விளைந்தது என்பது வரைக்கும் எல்லா விவரமும் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.